தசைக்கு ஒரு காலண்டர், எலும்புக்கு ஒரு காலண்டர்

1980-களின் பிற்பாதியில் ஒருநாள், அமெரிக்கத் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் திடீரென்று ஓர் ஆபரேஷன் தியேட்டர் வந்து நின்றது. மேசையில் மயக்கத்தில் படுத்திருந்தவரை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பத்தாண்டுகளுக்கு முன் உலக சாம்பியன் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைத்தசையை முறுக்கிக் காட்டியவர். இப்போது அதே இடுப்பின் மூட்டை மருத்துவர்கள் எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சை அது. இவருக்கு நாற்பது தாண்டி மூன்று நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பெற்றோர் வைத்த பெயர் எல்டிரிட்ஜ் வெய்ன் கோல்மன். மல்யுத்த உலகம் அவரை 'சூப்பர்ஸ்டார்' பில்லி கிரஹாம் என்று அறியும். ஆணழகன் மேடை, அமெரிக்கக் கால்பந்து, தொழில்முறை மல்யுத்தம் என்று மூன்று களங்களிலும் இறங்கியவர். அவர் வென்ற பட்டங்களுக்காக அவரை இங்கே அழைத்து வரவில்லை. தசையும் தசைநாணும் எலும்பும் கல்லீரலும் ஒரே தோலுக்குள் இருந்தாலும் ஒரே வேகத்தில் வாழ்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலண்டர் இருக்கிறது. இதை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டும் வேறொரு வாழ்க்கை எனக்குத் தெரியாது.

கோல்மன் 1943 ஜூன் 7 அன்று அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் பிறந்தார். பள்ளி நாட்களிலேயே எடைப் பயிற்சியில் இறங்கிவிட்டார். 1961-ல், பதினெட்டு வயதில், பதின்பருவத்தினருக்கான 'மிஸ்டர் டீனேஜ் அமெரிக்கா' போட்டியின் மேற்குப் பகுதிப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் அவருடைய கைச்சுற்றளவு 22 அங்குலம் என்று விளம்பரம் செய்தார்கள். அந்த எண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 22 அங்குலம் என்பது 56 சென்டிமீட்டர். சாதாரண ஆணின் மேற்கைச் சுற்றளவை 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவில் வித்தியாசம் 1.7 மடங்குதான். ஆனால் கையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் பரப்பு, சுற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. சாதாரணக் கையில் அது சுமார் 87 சதுர சென்டிமீட்டர். 22 அங்குலக் கையில் சுமார் 250. கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அந்தக் குறுக்குப் பரப்பில்தான் பலம் இருக்கிறது. எலும்பையும் கொழுப்பையும் கழித்துவிட்டால், தசையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். காரணம் தசை இழைக்குள் இருக்கிறது. ஒரு தசை இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நானூறு பட்டைத் தொகுதிகள் அடங்கும். ஒவ்வொரு தொகுதியிலும் தடித்த மயோசின் இழைகளும் மெல்லிய ஆக்டின் இழைகளும் இடைவிட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. மயோசினின் சிறு தலைகள் ஆக்டினைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகின்றன. இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று நழுவுகின்றன என்பதை 1954-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டறிந்தன. பக்கம் பக்கமாக எத்தனை இழைகள் இழுக்கின்றனவோ அத்தனை விசை. எடைப் பயிற்சி செய்யும்போது தசை இழைகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. ஒவ்வோர் இழையும் உள்ளே புதிய ஆக்டின், மயோசின் அடுக்குகளைச் சேர்த்துத் தடிக்கிறது.

இந்தத் தடிப்புக்கு உதவும் சிற்றணுக்கள் தசை இழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. கோல்மன் மேடையேறிய அதே 1961-ல், தவளைத் தசையைப் பார்த்துக்கொண்டிருந்த அலெக்சாண்டர் மௌரோ அவற்றைக் கண்டுபிடித்து 'சேட்டிலைட் செல்' என்று பெயரிட்டார். தசை கடும் சுமையைச் சந்தித்ததும் இவை விழித்துப் பெருகி, இழையோடு கலந்து, தம் உட்கருவை அதற்குக் கொடுத்துவிடுகின்றன. ஒரு தசை இழைக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள சிறு பகுதிக்குப் புரதம் தயாரிக்க உத்தரவிடுகிறது. இந்த உட்கருக்களை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

தசையின் காலண்டர் வேகமானது. சில வாரப் பயிற்சியில் பலம் கூடும், சில மாதங்களில் கண்ணாடியில் தெரியும். அந்தத் தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாணின் கதையோ வேறு. இதைத் தெரிந்துகொள்ள அறிவியலுக்கு அணுகுண்டு உதவியது. 1955-லிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 அளவு ஏறத்தாழ இரட்டிப்பானது. 1963-ன் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது. செடிகள் அந்தக் கார்பனை உள்வாங்கின, செடிகள் வழியாக நாமும் உள்வாங்கினோம். ஆகவே ஒரு திசுவில் இருக்கும் கார்பன்-14 அளவைப் பார்த்தால் அந்தத் திசு எந்த ஆண்டுகளில் உருவானது என்று சொல்லிவிடலாம். கோபன்ஹேகனில் காட்யா ஹைனமையர் குழு குதிகால் தசைநாணை இப்படிச் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டது. தசைநாணின் மையப்பகுதி ஒருவருடைய முதல் 17 ஆண்டுகளில் உருவானதோடு சரி. அதன்பின் அது புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் மாற்றம். தசையோ வாழ்நாள் முழுக்கப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

பயிற்சி செய்தால் தசைநாண் விறைப்பு பெறும், ஓரளவு தடிக்கவும் செய்யும். ஆனால் அதன் உள்ளே இருக்கும் கொலாஜன் கயிறு பழையதுதான். இந்தக் கணக்கைக் கோல்மனுக்குப் பொருத்திப் பாருங்கள். 1943-ல் பிறந்தவருக்கு 1960-லேயே தசைநாணின் மையம் முடிந்துபோயிற்று. அதற்குப் பின் அவர் சேர்த்த ஒவ்வொரு கிலோ தசையும், பள்ளி மாணவனாக இருந்தபோது திரித்த கயிற்றில் தொங்கியது.

கால்பந்துக்கு அவர் வந்தது இந்த உடம்போடுதான். நம்மூர்க் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவரை மோதி வீழ்த்துவதுமான ஆட்டம். 1968-ல் கனடாவின் கால்கரி ஸ்டாம்பீடர்ஸ் அணியில் இடம் தேடிப் போனார். அங்கே அவர் நிலைக்கவில்லை. ஊரையே திரும்பிப் பார்க்க வைக்கும் உடம்பு ஆடுகளத்தில் ஏன் போதவில்லை?

அந்த விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டத் துண்டும் நான்கிலிருந்து ஆறு நொடிகளில் முடிந்துவிடும். பிறகு அரை நிமிடம்போல் இடைவெளி, மறுபடி மோதல். தசையில் தயாராக இருக்கும் எரிபொருளான ஏ.டி.பி. ஓரிரு நொடிக்குத்தான் வரும். அதை உடனுக்குடன் நிரப்புவது கிரியேட்டின் பாஸ்பேட். அதுவும் சுமார் பத்து நொடியில் தீர்ந்துபோகும். இடைவெளியில் பாதியளவு மீளும். ஆக, அந்த ஆட்டம் இந்த ஒரே எரிபொருளை மறுபடி மறுபடி கறந்து ஆடும் ஆட்டம். இது கோல்மனைப் போன்றவர்களுக்குச் சாதகமே. பாதகம் வேறிடத்தில் இருந்தது.

குனிந்து நிற்கும் வீரர் எதிராளியின் மேல் பாயும்போது, மோதும் கணத்தில் விசையைச் செலுத்தக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். தசை தன் முழு விசையை எட்டுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். அதனால் உங்களால் மொத்தம் எவ்வளவு தூக்க முடியும் என்பதைக் காட்டிலும், முதல் 0.2 நொடியில் அதில் எவ்வளவைக் கொண்டுவர முடியும் என்பதே ஆட்டத்தை முடிவு செய்கிறது. 1938-ல் ஆர்ச்சிபால்ட் ஹில் தவளைத் தசையை வைத்து அடிப்படையான உறவு ஒன்றைக் காட்டினார். தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் விசை குறையும். பெஞ்ச் பிரஸ் மேசையில் மல்லாந்து படுத்து 250 கிலோவை மெல்ல நகர்த்துபவர் இந்த வளைகோட்டின் ஒரு முனையில் வேலை செய்கிறார். ஆடுகளத்தில் பாய்பவருக்கு வளைகோட்டின் நடுப்பகுதி வேண்டும். அதோடு, ஆடுகளத்தின் விசை தரையிலிருந்து கணுக்கால், முழங்கால், இடுப்பு வழியாக மேலே வருகிறது. நெஞ்சும் கையும் அந்த விசையைக் கடைசியாகக் கைமாற்றுபவை மட்டுமே. ஆணழகன் மேடையில் முதலில் கண்ணில் படும் பாகங்கள் இங்கே கடைசி வரிசை.

மல்யுத்தம் தொடங்குவதற்குமுன் ஒரு மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன் 1935-ல் பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டு ஆய்வகத்திலும் தயாரிக்கப்பட்டது. அதை வாய்வழி விழுங்கினால் கல்லீரல் உடனே சிதைத்துவிடும். அந்த மூலக்கூறின் 17-ஆம் கார்பனில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிவிட்டால் கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாது. அப்படி உருவான டையனபால் மாத்திரையை சிபா நிறுவனம் 1958-ல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜான் சீக்லர் என்ற மருத்துவர் வழியாக அது அமெரிக்க எடைதூக்கும் வீரர்களிடம் பரவியது. 1960-களில் கலிபோர்னியாவின் ஜிம்களில் அது சகஜமான பொருள். வெனிஸ் கடற்கரைப் பக்கம் ஜோ கோல்டு 1965-ல் திறந்த கோல்ட்ஸ் ஜிம்மில் கோல்மனும் பயிற்சி செய்தார். ஆஸ்திரியாவிலிருந்து 1968-ல் வந்து சேர்ந்த அர்னால்டு ஷ்வார்செனெக்கர் அங்கே அவருடைய பயிற்சித் தோழர். கோல்மனின் பெஞ்ச் பிரஸ் 605 பவுண்டு, அதாவது 274 கிலோ என்று சொல்லப்பட்டது. தாம் பல ஆண்டுகள் அனபாலிக் ஸ்டீராய்டு பயன்படுத்தியதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த நாட்களில் மருத்துவ உலகம் செய்த ஒரு தவறு என்னை இன்றும் உறுத்துகிறது. விளையாட்டு மருத்துவத்துக்கான அமெரிக்க அமைப்பு 1977-ல் வெளியிட்ட அறிக்கை, ஆரோக்கியமான ஆண்களுக்கு இந்த மருந்துகளால் பலமோ தசையோ குறிப்பிடத்தக்க அளவு கூடுவதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஜிம்மில் இருந்தவர்கள் தினமும் கண்ணாடியில் கண்டதற்கு நேர் எதிரான கூற்று இது. பலன் இல்லை என்று சொன்னவர்கள் ஆபத்து இருக்கிறது என்று சொன்னபோதும் யாரும் நம்பவில்லை. 1984-ல் அந்த அறிக்கையைத் திருத்தினார்கள். ஐயத்துக்கு இடமில்லாத சோதனை வர 1996 ஆனது. ஷலேந்தர் பாசின் குழு ஆண்களை நான்கு பிரிவாகப் பிரித்து, இரண்டு பிரிவுகளுக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பத்து வாரம் போட்டது. மருந்தில்லாமல் எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை 1.9 கிலோ கூடியது. பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கு 3.2 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. வியர்வை சிந்தியவனைவிடச் சும்மா இருந்தவன் கூடுதல் தசை பெற்றான் என்ற இந்த எண்களை விளையாட்டு ஆர்வமுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கால்கரியில் பந்து கைவிட்ட இடத்தில் மல்யுத்தம் பிடித்துக்கொண்டது. அந்த ஊரில்தான் ஸ்டூ ஹார்ட் தம் வீட்டு நிலவறையில் மல்யுத்த வீரர்களைப் பயிற்றுவித்துவந்தார். கோல்மன் அங்கே பிடிகளைக் கற்று, 1970-ல் களமிறங்கினார். டாக்டர் ஜெர்ரி கிரஹாம் என்ற வீரரின் 'தம்பி'யாக வேடம் கட்டி பில்லி கிரஹாம் ஆனார். இளமையில் மத போதகராக மேடையேறிய பழக்கம் இருந்ததால் பேச்சு தங்குதடையின்றி வரும். முகமது அலியின் எதுகை மோனைப் பேச்சிலிருந்தும் எடுத்துக்கொண்டார்.

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முன்பே பேசி வைத்ததுதான். விழுவது மட்டும் உண்மையான விழுதல். ஒரு வீரரை மற்றவர் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதுகு தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 5.4 மீட்டர். தரை 5 சென்டிமீட்டர் மட்டும் அமுங்கினால் உடம்பு உணரும் வேகக்குறைப்பு புவியீர்ப்பைப்போல் 30 மடங்கு. 10 சென்டிமீட்டர் அமுங்கினால் 15 மடங்கு. ரிங் என்பது இரும்புச் சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகை, அதன்மேல் மெல்லிய பஞ்சு, மேலே கேன்வாஸ். அந்தப் பலகையின் நெகிழ்வுதான் வீரரைக் காப்பாற்றுகிறது. மீதி அவருடைய கையில் இருக்கிறது. தாடையை நெஞ்சோடு ஒட்டி மடக்கிக்கொள்வார், அப்போதுதான் பின்மண்டை தரையில் அடிக்காது. மூச்சை வெளியே விட்டுக்கொண்டே விழுவார். முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே கணத்தில் தரையில் படும்படி விரித்துக்கொள்வார். இரு கைகளாலும் பக்கவாட்டில் தரையை ஓங்கி அறைவார். அந்தச் சத்தம் கூட்டத்துக்கு. பரப்பு கூடுவதால் ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் குறைவது அவருக்கு.

இதில் கொஞ்சம் பிசகினால் என்னவாகும் என்பதற்கு அக்கால சாம்பியன் புரூனோ சம்மார்ட்டினோவே சாட்சி. 1976-ல் ஸ்டான் ஹான்சனுடன் மோதியபோது தூக்கிப் போட்டதில் கோணம் தவறி, அவருடைய கழுத்து முள்ளெலும்பு முறிந்தது. குணமாகித் திரும்பிய அந்தச் சம்மார்ட்டினோவைத்தான் 1977 ஏப்ரல் 30 அன்று பால்டிமோரில் கிரஹாம் எதிர்கொண்டார். சம்மார்ட்டினோவும் லேசுப்பட்டவர் இல்லை. 1959-ல் 565 பவுண்டு பெஞ்ச் பிரஸ் செய்தவர். கடைசியில் கிரஹாம், வில்லனுக்கே உரிய முறையில், இரண்டு கால்களையும் கயிற்றின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு எதிராளியின் தோள்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்க, நடுவர் மூன்று எண்ணி முடித்தார்.

அவர் 296 நாட்கள் சாம்பியனாக இருந்தார். 1978 பிப்ரவரி 20 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாப் பேக்லண்ட் அவரிடமிருந்து பெல்ட்டை வாங்கினார். ஆனால் அந்த நாட்களுக்குள் மல்யுத்தத் தொழில் ஒன்றைப் பார்த்துவிட்டது. சண்டை தெரிந்த உடம்பைவிட, பார்க்கத் தகுந்த உடம்புக்கு டிக்கெட் விற்கும். பின்னால் வந்த மல்யுத்த வீரர்கள் ஹல்க் ஹோகனும் ஜெஸ்ஸி வென்சுராவும் தங்கள் தோற்றத்துக்கும் பேச்சுக்கும் கிரஹாமையே முன்மாதிரியாகச் சொன்னார்கள். 1990-களில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பையன்கள் மதிய இடைவேளையில் விளையாடிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டுகளில் உயரம், எடை, நெஞ்சளவு, பைசெப்ஸ் அளவு என்று அச்சிட்டிருந்ததே, அந்த அளவுகோலின் வேர் இந்த மனிதரிடம் இருக்கிறது.

பட்டம் போனபின் அவர் சோர்ந்து ஒதுங்கினார். 1982-ல் திரும்பி வந்தபோது ரசிகர்களுக்கு அடையாளமே தெரியவில்லை. மொட்டைத் தலை, மீசை, கராத்தே உடை, பாதியாக இளைத்த உடம்பு. ஆனால் 1980-களின் நடுவில் அதே உடம்பு மறுபடி திரண்டு, பழைய வண்ண உடைகளோடு வந்து நின்றது. நாற்பதைத் தொட்டவரால் இதை எப்படிச் செய்ய முடிந்தது?

மருந்து ஒரு காரணம். தசையின் உள்ளே இன்னொரு காரணமும் இருந்திருக்கக்கூடும். ஆஸ்லோவில் கிறிஸ்டியன் குண்டர்சன் குழு 2010-ல் எலிகளில் ஒன்றைக் காட்டியது. சுமை கூடும்போது தசை இழையில் முதலில் உட்கருக்கள் சேர்கின்றன, பிறகுதான் இழை தடிக்கிறது. தசை வேலையின்றி மெலிந்தபோது, சேர்ந்த உட்கருக்கள் போகவில்லை. 2013-ல் அவர்கள் எலிகளுக்குச் சிறிது காலம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து நிறுத்தினார்கள். மூன்று மாதத்தில் தசை பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. எலியின் ஆயுளில் மூன்று மாதம் என்பது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். பிறகு தசைக்குச் சுமை கொடுத்ததும் ஆறே நாளில் அதன் இழைகள் 30 சதவீதம் தடித்தன. மருந்தே பார்க்காத எலிகளில் அந்த ஆறு நாளில் சொல்லும்படியான வளர்ச்சி இல்லை. உருவம் கரைந்தாலும் உட்கருக்கள் காத்திருந்திருக்கின்றன. மனிதரில் அவை எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஊக்கமருந்தில் சிக்கியவருக்கு இரண்டு, நான்கு ஆண்டுத் தடை விதித்தால் போதுமா என்ற கேள்வியை அந்த எலிகள் எழுப்பிவிட்டன.

தசை திரும்பி வந்தது. இடுப்பு எலும்பு வரவில்லை.

தொடை எலும்பின் மேல்முனையில் உருண்டையாக ஒரு தலை இருக்கிறது. இடுப்புக் குழியில் சுழல்வது அதுதான். அதற்கு ரத்தம் வரும் வழி மிகக் குறுகலானது. தொடையைச் சுற்றி வரும் ஒரு தமனியின் நுண்கிளைகள் எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறி உள்ளே போகின்றன. அவை அடைபட்டால் வேறு நல்ல வழி இல்லை. எலும்பணுக்கள் இறந்துபோகும். எலும்பு அன்றே நொறுங்குவதில்லை என்பதுதான் கொடுமை. செத்த எலும்பும் பாரம் தாங்கும். நம் எலும்பில் தினமும் நுண்விரிசல்கள் விழுகின்றன, உயிருள்ள அணுக்கள் அவற்றைச் சரிசெய்துகொண்டே இருக்கின்றன. செத்த பகுதியில் விரிசல் சேர்ந்துகொண்டே போகும், ஆள் நடந்துகொண்டே இருப்பார். ஒருநாள் உருண்டை அமுங்கித் தட்டையாகும். அப்போதுதான் வலி முழுதாகத் தெரியும்.

எவ்வளவு பாரம் என்பதையும் அளந்திருக்கிறார்கள். பெர்லினில் கியோர்க் பெர்க்மன் குழு, செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே உணரிகளை வைத்துப் பொருத்தியது. சாதாரணமாக நடக்கும்போதே மூட்டின்மேல் உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு விசை. தடுமாறும் கணத்தில் அது எட்டு மடங்கையும் தாண்டியது. சுற்றியுள்ள தசைகளே மூட்டை இறுக்கிப் பிடிப்பதால் வரும் விசை இது. 125 கிலோ எடையுள்ள கிரஹாம் தெருவில் நடந்தாலே ஒவ்வோர் அடியிலும் இடுப்பு 300 கிலோவுக்கு மேல் தாங்கியிருக்கும். தடுமாறினால் ஒரு டன்.

தம் இடுப்பு போனதற்கு அனபாலிக் ஸ்டீராய்டுகளையே கிரஹாம் குற்றம் சாட்டினார். எலும்பு இறப்புக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பில் உறுதியான மருத்துவ ஆதாரம் இருப்பது வேறொரு ஸ்டீராய்டு குடும்பத்துக்கு. வீக்கத்தையும் வலியையும் அடக்கக் கொடுக்கும் கார்டிகோஸ்டீராய்டுகள் அவை. அதிக மதுவும் அடிபடுதலும்கூடக் காரணமாகலாம். அடிமேல் அடி வாங்கும் ஒரு தொழிலில், பல மருந்துகளும் பெரும் எடையும் சேர்ந்திருக்கும் ஓர் உடம்பில், ஒரே குற்றவாளியைக் கைகாட்டுவது கடினம் என்பதே என் எண்ணம்.

அவருக்குப் பொருத்திய மூட்டின் மூதாதை, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962-ல் வடித்தெடுத்த வடிவம். 22 மில்லிமீட்டர் உலோக உருண்டை, பாலிஎத்திலீன் கிண்ணம், இரண்டையும் எலும்போடு பிடித்துவைக்க அக்ரிலிக் சிமென்ட். வலியின்றி வீட்டுக்குள் நடந்தால் போதும் என்றிருந்த முதியவர்களை மனத்தில் வைத்து உருவானது அது. கிரஹாம் செயற்கை மூட்டோடு ரிங்குக்குத் திரும்பினார். திரும்பிய ஆண்டு முடிவதற்குள் உடம்பு அவரை நிறுத்திவிட்டது. கணுக்காலையும் அசையாதபடி இணைத்துவைக்க வேண்டி வந்தது.

கல்லீரலின் காலண்டர் எல்லாவற்றையும்விட மெதுவானது. 1970-களின் மல்யுத்தத்தில் ரத்தம் காட்டுவது வழக்கம். மணிக்கட்டுப் பட்டைக்குள் மறைத்துவைத்த பிளேடு துணுக்கால் வீரரே தம் நெற்றியைக் கீறிக்கொள்வார். நெற்றித் தோலில் ரத்தக் குழாய்கள் அடர்த்தி, சிறு கீறலுக்கே முகம் நனைந்துவிடும். அதே நிலையில் இருவரும் கட்டிப்புரள்வார்கள். ஏ வகையும் இல்லாத பி வகையும் இல்லாத ஒரு மஞ்சள் காமாலை ரத்தத்தின் வழியே பரவுகிறது என்பது மருத்துவர்களுக்கு 1970-களின் நடுவிலேயே தெரியும். ஆனால் கிருமி பிடிபடவில்லை. மைக்கேல் ஹௌட்டன் குழு அதை 1989-ல்தான் அடையாளம் கண்டது. அதுதான் ஹெப்படைட்டிஸ் சி வைரஸ். அதற்காக 2020-ல் அவருக்கும் ஹார்வி ஆல்டர், சார்லஸ் ரைஸ் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிரஹாம் கடைசியாக ரிங்கை விட்டு இறங்கியபோது அந்த வைரஸுக்குப் பெயரே இல்லை.

உடம்புக்குள் வந்தபின் அது பெரும்பாலோரிடம் நிரந்தரமாகத் தங்கிவிடும். கல்லீரலுக்குள் வலி உணரும் நரம்புகள் இல்லாததால் தெரியாது. இருபது முப்பது ஆண்டுகளில் அணுக்கள் இருந்த இடத்தில் தழும்பு நார் படிந்து கல்லீரல் இறுகிப்போகும். வாய்வழி ஸ்டீராய்டுகளைச் சிதைக்கத் திணறிய கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை. ரிங்கில் கலந்த ரத்தத்தின் வழியேதான் தமக்குத் தொற்றியது என்று கிரஹாம் கருதினார்.

1991-ல் பென்சில்வேனியாவில் ஜார்ஜ் சஹோரியன் என்ற மருத்துவர், மல்யுத்த வீரர்களுக்கு ஸ்டீராய்டு விற்ற வழக்கில் தண்டனை பெற்றார். மல்யுத்தத் தொழிலின் மருந்துப் பழக்கம் முதல்முறையாக நீதிமன்றத்தில் அம்பலமானது. அந்த ஆண்டுகளில் கிரஹாம் ஊன்றுகோலோடு தொலைக்காட்சிகளில் தோன்றி, தம் உடம்பையே ஆதாரமாக வைத்துப் பேசினார். தம்மைப் பார்த்து இதே வழியில் வந்த இளைஞர்களை நினைத்துப் பேசிய பேச்சு அது. அதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பிழைப்பு தந்த தொழிலின் கதவுகளையெல்லாம் அவரே சாத்திக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து, 2004-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த நிறுவனம் அவரைத் தன் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2002-ல், விபத்தில் இறந்த ஓர் இளம்பெண்ணின் கல்லீரல் அவருக்குப் பொருத்தப்பட்டது. ரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் சி இருக்கும் நோயாளிக்கு மாற்றுக் கல்லீரல் வைத்தால், அதையும் அதே வைரஸ் பற்றிக்கொள்வது அக்காலத்தில் ஏறக்குறைய நிச்சயம். கையில் இருந்த சிகிச்சை இன்டர்ஃபெரானும் ரிபாவைரினும்தான். மாதக்கணக்கில் காய்ச்சலும் சோர்வுமாக வாட்டி, பலருக்குப் பலன் தராமலே போகும். பன்னிரண்டு வாரம் மாத்திரை விழுங்கினால் வைரஸை ஒழிக்கலாம் என்ற நிலை 2013-ன் இறுதியில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்ற பிறகுதான் வந்தது. கிரஹாம் அந்த இடைப்பட்ட காலத்தையும் கடந்து வாழ்ந்தார். புதிய கல்லீரலோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 2023 மே 17 அன்று, எண்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் இறந்தார்.